31 'இல்லை'

போன ஜூன் மாதம் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பதிவேட்டில் ஒரே பத்தியில் முப்பத்தொரு பூஜ்யம் போட்டேன். கொக்கிப்புழு முட்டை எத்தனை என்ற கட்டத்தில் 0, அதற்குக் கீழே 0, அதற்கும் கீழே 0. போட்டு முடித்து, கையெழுத்தும் வைத்துவிட்டு, வெளியே வந்து ஒரு டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது என்று இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதுதான் எரிச்சல்.

காரைக்குடியில் பிறந்த பிள்ளைக்கு ஆராய்ச்சி என்றால் சிக்ரிதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறந்த மின்வேதியியல் ஆய்வகம். அதன் மதில் சுவரைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவள் பேட்டரி, துரு, முலாம் என்று ஏதாவது ஒன்றில் போய் உட்காருவாள் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். நான் போய் உட்கார்ந்தது மருத்துவ ஒட்டுண்ணியியலில். தமிழில் சொன்னால் கொஞ்சம் கௌரவமாக இருக்கிறது. விஷயம் என்னவோ மனிதர் வயிற்றுப் பூச்சியும், அதைத் தேடி மனிதர் மலமும்தான். அம்மா சொந்தக்காரர்களிடம் "லேப்ல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். என்ன லேப் என்று யாராவது தோண்டினால் காபி போட உள்ளே போய்விடுவாள்.

எங்கள் ஃபீல்டு லேப் ஊரை ஒட்டி, முன்பு அச்சகம் இருந்த ஒரு தகர ஷெட். மூன்று வீட்டுக்காரர்கள் "என்னத்த வெச்சு டெஸ்ட் பண்ணுவீங்க?" என்று கேட்டு, பதிலைக் கேட்டுக் கதவைச் சாத்திய பிறகு கிடைத்த இடம். அங்கே நாங்கள் செய்வது கேட்டோ-கேட்ஸ் என்ற முறை. 1954-இல் ஜப்பானில் கேட்டோவும் மியூராவும் தொடங்கியது, 1972-இல் பிரேசிலில் கேட்ஸும் அவருடைய கூட்டாளிகளும் எண்ணிக்கைக்கு ஏற்றபடி திருத்தியது. செலவு குறைவு, கரண்டு கூட மைக்ராஸ்கோப்புக்கு மட்டும்தான். மலத்தைக் காகிதத்தில் வைத்து, மேலே நைலான் வலையை அழுத்தினால் நார், விதை எல்லாம் கீழேயே நின்றுவிடும், சலித்தது மட்டும் மேலே வரும். அதை வழித்து, நடுவில் ஓட்டை போட்ட ஒரு சின்னப் பிளாஸ்டிக் வில்லையில் நிரப்ப வேண்டும். அந்த ஓட்டை கொள்வது சரியாக 41.7 மில்லிகிராம். வில்லையை எடுத்துவிட்டு, கிளிசரினும் மாலகைட் பச்சையும் கலந்த நீரில் முந்தின நாளே ஊறப்போட்ட செலோஃபேன் துண்டை மேலே மூடி, ஸ்லைடைக் கவிழ்த்து, வழவழப்பான ஒரு தளத்தில் அழுத்த வேண்டும். ஒரே சீராகப் பரவும்.

அந்த வழவழப்பான தளத்துக்குக் கையேட்டில் ஒரு டைல் துண்டு போதும் என்று போட்டிருக்கும். எங்கள் அப்பா ஆத்தங்குடியில் தரைக்கல் போடுகிறவர். கண்ணாடி மேல் சாயத்தை ஊற்றி, முதுகில் மணலும் சிமெண்டும் அடைத்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பார்கள்; கண்ணாடி பட்ட பக்கம் கண்ணாடி மாதிரியே வந்துவிடும், பாலிஷ் எல்லாம் கிடையாது. பூ சரியாக விழாத ஒரு கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். என்னத்துக்கு என்று அவர் கேட்டார், சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் "இது வேணாம், ஓரம் லேசா தூக்கியிருக்கு" என்று வேறு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்லைடு சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. செய்தித்தாள் மேல் வைத்தால் கீழே இருக்கும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். எங்கள் மேஜையில் கிடந்தது ராசிபலன் பக்கம். என் ராசிக்கு அன்றைக்கு என்ன போட்டிருந்தது என்று கேட்காதீர்கள்.

முட்டைகளைப் பழகிக்கொள்ள எனக்கு ஆறு வாரம் ஆனது. உருண்டைப்புழுவின் முட்டை, அதாவது நம் ஊரில் நாக்குப்பூச்சி என்பது, பழுப்பாகச் சீதாப்பழத் தோல் மாதிரி மேடும் பள்ளமுமாக இருக்கும், தவறவிடவே முடியாது. சாட்டைப்புழுவுடையது மத்தளம், இரண்டு முனையிலும் மூடி போட்ட மத்தளம். கொக்கிப்புழுதான் சிக்கல். மெல்லிய ஓடு, உள்ளே நாலைந்து செல், ஓட்டுக்கும் செல்லுக்கும் நடுவில் ஒரு வெளிச்சமான இடைவெளி, அவ்வளவுதான். கண் அசந்தால் காற்றுக் குமிழ் என்று தாண்டிவிடுவோம். எண்ணி முடித்ததை 24-ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கு எத்தனை முட்டை என்று வரும். கொக்கிப்புழுவில் 2000-க்குக் கீழே லேசு, 4000-ஐத் தொட்டால் கடுமை. ஒரு சென்டிமீட்டர் நீளப் பூச்சி. வெறுங்காலில் தோலைத் துளைத்து உள்ளே வந்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலுக்குப் போய், அங்கேயே கடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் ரத்தம் குடிக்கும். வலி பெரிதாக இருக்காது. சோர்வு இருக்கும். எங்கள் பக்கத்துப் பெண்கள் சோர்வை ஒரு நோயாகவே சொல்ல மாட்டார்கள்.

சரி, அந்த வியாழக்கிழமை.

ஊர் பெயர் வேண்டாம், காரைக்குடியிலிருந்து ஒரு மணி நேரம். முந்தின நாள் வீடு வீடாக டப்பா கொடுத்திருந்தோம், காலையில் 31 டப்பா திரும்பி வந்தது, அது நல்ல எண்ணிக்கை. வழக்கமாக டப்பாக்களை ஐஸ் பெட்டியில் வைத்து லேபுக்குக் கொண்டுவந்து, அங்கேதான் ஸ்லைடு போடுவோம். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது, ஐஸ் பாதி கரைந்துவிட்டது. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேஜை இருந்தது, என் கையில் அப்பா கொடுத்த கல் இருந்தது. இங்கேயே எல்லா ஸ்லைடும் போட்டுவிட்டால் லேபுக்குப் போய் நேராகப் படிக்க, அதாவது மைக்ராஸ்கோப்பில் பார்த்து எண்ண, உட்காரலாமே என்று எனக்கு மூளை வேலை செய்தது. 9:40-க்கு முதல் ஸ்லைடு. பதினொரு மணிக்குக் கடைசி. திரும்பும் வழியில் ஜீப் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. ஒரு புளியமரத்தடியில் இரண்டரை மணி நேரம். லேபுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குப் படிக்க ஆரம்பித்தேன்.

நாக்குப்பூச்சி முட்டை அங்கங்கே கிடைத்தது, மத்தளங்களும் கிடைத்தன. கொக்கிப்புழு ஒன்றுகூட இல்லை. நல்ல சுத்தமான ஊர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தாலும் பரவாயில்லை. ஒரு வீட்டில் அப்பத்தா ஒருவர் "என்னன்னு சொல்லு தாயி, நான் கெடந்து யோசிச்சுக்கிட்டே இருப்பேன்" என்று காலையில் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேரனின் நம்பர் என்னிடம் இருந்தது. முடிவை இப்படிப் போனில் சொல்லக் கூடாது என்பது எனக்குத் தெரியும், இருந்தும் அன்றைக்குச் சாயங்காலம் கூப்பிட்டு "அப்பத்தாவுக்கு ஒண்ணும் இல்லை" என்று சொன்னேன்.

மறுநாள் எங்கள் சீனியர் டெக்னீஷியன் அண்ணன் பதிவேட்டைப் புரட்டினார். இருபது வருஷத்துக்கு மேல் இதே வேலை, பேச்சு ரொம்பக் குறைவு. பூஜ்யங்களைப் பார்க்கவில்லை, நேரம் எழுதும் கட்டத்தைத்தான் பார்த்தார். ஸ்லைடு போட்டது 9:40. படித்தது 3:05. நான் பஞ்சர் கதையை ஆரம்பித்தேன். "பஞ்சர் ஆகலேன்னா மட்டும்? முப்பத்தொரு ஸ்லைடு ஒண்ணா போட்டா ஒரு மணி நேரத்துல எப்பிடிப் படிப்ப?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஜீப்பைத் திட்டிக்கொண்டே ராத்திரி தூங்கியவள் நான்.

அப்புறம் அவர் செய்ததுதான் இந்த இரண்டு வருஷத்தில் நான் கற்ற பாடங்களிலேயே பெரியது. கொக்கிப்புழு இருக்கிறது என்று தெரிந்த வேறொரு மாதிரியில் புதிதாக ஒரு ஸ்லைடு போட்டு, ஒரு முட்டையைத் தேடிப் பிடித்து, மைக்ராஸ்கோப் மேடையை நகர்த்தாமல் "இங்கயே உக்காந்து பாரு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பச்சைப் பின்னணியில் முட்டை, அதன் பக்கத்திலேயே அதிர்ஷ்டவசமாக ஒரு மத்தளம். பத்தாவது நிமிஷம் ஓடு தெளிவாகத் தெரிந்தது, உள்ளே செல்களை எண்ணக்கூட முடிந்தது. அரை மணி நேரத்தில் செல்களின் எல்லை கலங்கியது. நாற்பது நிமிஷத்தில் ஓட்டின் ஒரு பக்கம் இருக்கிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா என்று சந்தேகம். ஒரு மணி பத்து நிமிஷத்தில் அந்த இடத்தில் வெறும் பச்சை. மத்தளம் மட்டும் போட்டது போட்டபடி உட்கார்ந்திருந்தது. கிளிசரின் மலத்தைத் தெளிய வைக்கிறது, அதற்காகத்தான் அதைப் போடுகிறோம். மெல்லிய ஓடு என்பதால் கொக்கிப்புழு முட்டையையும் சேர்த்தே தெளிய வைத்துவிடுகிறது. 30, மிஞ்சினால் 60 நிமிஷத்துக்குள் படித்துவிடு என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கும் வரி. பரீட்சையில் நானே எழுதியிருக்கிறேன், அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வேறு.

அன்றிலிருந்து எனக்கு ஒரு வியாதி பிடித்துக்கொண்டது. யார் "இல்லை" என்று சொன்னாலும், எப்போது பார்த்தீர்கள், எங்கே பார்த்தீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. இந்தத் துறையில் அப்படிப்பட்ட 'இல்லை'கள் ஏராளம். கீரிப்பூச்சியை மலத்தில் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது, அது ராத்திரி வெளியே வந்து ஆசனவாயைச் சுற்றி முட்டையிட்டுவிட்டுப் போகும். காலையில் குளிப்பாட்டும் முன் செல்லோடேப் ஒட்டி எடுத்துத்தான் பார்க்க வேண்டும். குழந்தை அரித்துக்கொண்டு அழுதால் ராத்திரி டார்ச் அடித்துப் பார்க்கும் அம்மாக்களுக்கு இது எந்தக் கையேடும் இல்லாமல் தெரியும். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் பகலில் நுரையீரல் ரத்தக் குழாய்களில் பதுங்கிக்கொள்ளும், ராத்திரிதான் விரல் நுனி ரத்தத்துக்கு வரும், ஏனென்றால் அதைச் சுமக்கும் க்யூலெக்ஸ் கொசு கடிப்பதும் ராத்திரி. சீனாவின் அமோய் துறைமுகத்தில் இருந்த மேன்சன் என்ற டாக்டர் 1870-களிலேயே இந்த நேரக்கணக்கைக் கண்டுபிடித்துவிட்டார். பயிற்சியில் ஒரு வாரம் ராத்திரி ரத்தம் எடுக்கப் போனோம். தூங்கப்போகும் மனிதரை எழுப்பி விரலில் ஊசி குத்தக் கேட்பதைவிட மலம் கேட்பது எவ்வளவோ மேல்.

நரம்புச் சிலந்தி கதை இன்னும் பெரிது. எங்கள் கொள்ளுப்பாட்டிக்குக் கணுக்காலில் ஒரு தழும்பு இருந்ததாம், அங்கேயிருந்து வெள்ளை நூல் மாதிரி வந்த புழுவை வைத்தியர் ஒரு குச்சியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி எடுத்தாராம். அறுந்தால் தொலைந்தது. சின்ன வயதில் இதைக் கேட்கும்போது பேய்க்கதை என்றே நினைத்தேன். ஒரு மீட்டர் வரை வளரும் புழு அது. கால் புண்ணோடு ஒருவர் தண்ணீரில் இறங்கினால் புழு அங்கே குஞ்சுகளைக் கக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சைக்ளாப்ஸ் என்ற நீர்ப்பூச்சி அதைத் தின்னும், அந்தத் தண்ணீரைக் குடித்தவர் காலில் ஒரு வருஷம் கழித்து அடுத்த புழு. செட்டிநாட்டில் ஊருணி இல்லாத ஊர் ஏது? குடிதண்ணீர் ஊருணியில் கால் வைக்காதே என்று பெரியவர்கள் கத்தியதற்கு அழுக்கு மட்டும் காரணமில்லை என்று இப்போது படுகிறது. நாட்டளவில் ஒழிப்புத் திட்டம் 1980-களின் தொடக்கத்தில் ஆரம்பித்தபோது நோய் இருந்த ஏழு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. துணியில் வடிகட்டு, புண்ணோடு தண்ணீரில் இறங்காதே, படிக்கிணறை மூடு, அவ்வளவுதான். இந்தியாவின் கடைசி நோயாளி ராஜஸ்தானில், 1996 ஜூலையில். ஆனால் இந்தியாவில் 'இல்லை' என்ற சான்றிதழ் வந்தது 2000-இல். நடுவில் இருந்த வருஷங்களில் செய்தது எல்லாம் தேடியதுதான். இல்லாத ஒன்றை ஊர் ஊராகத் தேடி, கண்டுபிடித்துச் சொன்னால் பணம் தருகிறோம் என்று அறிவித்து, அப்புறமும் கிடைக்கவில்லை என்றால்தான் பூஜ்யம். நான் மூன்றரை மணி நேரத்தில் முப்பத்தொன்று போட்டேன்.

உலக சுகாதாரம் என்று எங்கள் பயிற்சியில் ஒரு பாதி உண்டு. ஆன்லைன் வகுப்பு, பல நாட்டுக்காரர்கள், சாயங்காலம் ஆறு மணிக்கு. முதலில் அது எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. பட்டியலும் வரைபடமும் வட்டமும் அம்புக்குறியுமாக ஓடும். உருப்படியாக ஒன்று பிடிபட்டது. உலக சுகாதார நிறுவனத்தோடு சேர்ந்து 1975-இலிருந்து இயங்கும் வெப்பமண்டல நோய்களுக்கான சிறப்புத் திட்டத்தின் பெயரிலேயே ஆராய்ச்சியோடு பயிற்சியும் இருக்கிறது. நோய் எங்கே இருக்கிறதோ அங்கே இருப்பவர்களே அதை ஆராயப் பழக வேண்டும் என்ற எண்ணம். அதைக் கேட்கும்போது பெருமையாக இருந்தது, ஆனால் அங்கே இருப்பவள் என்பதால் மட்டும் எனக்கு எல்லாம் தெரிந்துவிடாது என்பது ஒப்புதல் படிவத்தில் தெரிந்தது. முதலில் எங்களுக்கு வந்த தமிழ்ப் படிவம் "ஒட்டுண்ணி மதிப்பீட்டாய்வில் தாங்கள் தன்னார்வத்துடன் பங்கேற்பதற்கான" என்று தொடங்கியது. வாசித்துக் காட்டினேன். ஒரு ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு "என்னத்தா, எலெக்ஷனா?" என்றார். வயிற்றுப் பூச்சி, வெளிக்குப் போவது, டப்பா என்று திருத்தி எழுதி, அதை நெறிமுறைக் குழுவுக்குத் திரும்ப அனுப்பி, அனுமதி வர வாரக்கணக்கில் ஆனது. என்னைக் கேட்டால் அந்த வாரங்கள்தான் நாங்கள் செய்த உருப்படியான ஆராய்ச்சி.

பெரியவர்களிடம் ஏன் மலம் கேட்கிறோம் என்பதற்கும் ஒரு காரணம் இருக்கிறது. 2015-இலிருந்து குடற்புழு நீக்க நாளன்று பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள், 1 முதல் 19 வயது வரை; தமிழ்நாட்டில் இப்போது 20 முதல் 30 வயதுப் பெண்களுக்கும். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொக்கிப்புழு பெரியவர்களிடம்தான் அதிகம் குடியிருக்கும். பிள்ளைக்கு மாத்திரை, கண்மாயில் நூறு நாள் வேலைக்கு வெறுங்காலோடு மண் சுமக்கும், முப்பது தாண்டிய அம்மாவுக்கும் அப்பத்தாவுக்கும் ஒன்றுமில்லை. வயது பார்க்காமல் ஊருக்கே மாத்திரை கொடுத்தால் பரவலையே நிறுத்திவிட முடியுமா என்று டீவார்ம்3 என்ற பெரிய சோதனை பெனின், மலாவி, இந்தியா மூன்று நாட்டிலும் நடந்தது. இந்தியாவில் அது நடந்தது நம் திமிரியிலும் ஜவ்வாது மலையிலும், வேலூர் சி.எம்.சி. மூலம். அந்த மாதிரி வேலைக்கு லேசான தொற்றைக்கூடத் தவறவிடக் கூடாது என்பதால் மலத்தில் புழுவின் மரபணுவையே தேடும் பரிசோதனையும் வைத்துக்கொண்டார்கள். எங்கள் தகர ஷெட்டுக்கு அதெல்லாம் எட்டாது. எங்களுக்குக் கண்ணும் கடிகாரமும்தான்.

பதிவேட்டில் எதையும் அழிக்கக் கூடாது, வெள்ளை மை கூடாது. ஒரே ஒரு கோடு, பழைய எண் படிக்கும்படி. பக்கத்தில் காரணம், சுருக்கொப்பம், தேதி. முப்பத்தொரு கோடு போட்டேன், ஒவ்வொன்றுக்கும் 'தாமதமாகப் படித்தது, செல்லாது' என்று எழுதினேன். மேல் அலுவலகத்துக்கு ஒரு பிழை அறிக்கை. போனில் முடிவு சொன்னதையும் அதில் எழுதினேன், எழுதாமல் விட்டுவிடலாமா என்று அரை மணி நேரம் யோசித்த பிறகு. வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அடுத்த வாரம் அதே ஊருக்கு அதே டப்பாக்களோடு போனோம். "அன்னைக்கே குடுத்தமே, பத்தலையா?" என்று ஒரு வீடு. "எங்க வீட்டுது என்ன அவ்வளவு ருசியாவா இருக்கு?" என்று ஒரு அக்கா, தெருவே சிரித்தது. நாலு பேர் தர மாட்டேன் என்றுவிட்டார்கள், அது அவர்கள் உரிமை. இந்த முறை டப்பாக்களை ஐஸில் வைத்தோம், லேபில் ஐந்து ஐந்தாக ஸ்லைடு போட்டோம், பக்கத்தில் அலாரம். அப்பத்தாவின் ஸ்லைடை இருபத்தைந்தாவது நிமிஷத்தில் படித்தேன். பதினேழு முட்டை. பெருக்கினால் 408. லேசுதான், ஆனால் பூஜ்யம் இல்லை.

முடிவுத் தாளையும் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் எழுதிய சீட்டையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். திண்ணையில் உட்கார்ந்து கால் நீட்டிப் புளி தட்டிக்கொண்டிருந்தார். பூச்சி இருக்கிறது, மாத்திரை ஒரு தடவை போட்டால் போதும், ரத்தம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துவிடலாம் என்று சொன்னேன். தட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"அன்னைக்கு இல்லைன்னு பேராண்டிகிட்ட சொன்னியே?"

நான் சொன்னது தப்பு, என் பிழைதான் அப்பத்தா என்றேன். கண்ணாடியில் வைத்து நேரமாகிவிட்டால் முட்டை கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், நான் நேரம் கழித்துப் பார்த்துவிட்டேன் என்று கையால் காட்டி விளக்கினேன். புளியிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து ஓரமாகப் போட்டார்.

"அப்ப வெரசாப் பாக்க வேண்டியதுதானே" என்றார்.